பூஜை போட்ட டிஸ்க்

ஜவஹருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையில் ஆயுதபூஜைக்குக் கொடுத்த பொரியும் சுண்டலும்தான் வயிற்றில். குனிந்து ஸ்விட்சுகளைத் தட்டி, புரோகிராம் துளையிட்ட காகித நாடாவை மாட்டி, நிமிர்ந்து, மறுபடி குனிந்து. மூட்டை தூக்கியவன் மகனுக்கு இடுப்புவலி புதிதல்ல. புதிதாக இருந்தது அந்தச் சத்தம். மெயினை அணைத்த பிறகும் டிஸ்க் அலமாரிக்குள் ஏதோ மெதுவாகக் கொத்திக்கொண்டிருந்தது.

சூடு ஆறுகிற இரும்பு, என்று நினைத்துக்கொண்டான்.

அடையாற்றில் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் மாடி அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு ஐப்பசி மழை கொட்டியது. உள்ளே ஏர்கண்டிஷனர் இரைச்சலும், கற்பூரப் புகை வாடையும், மூடிய அறையில் வாடும் சாமந்தியின் புளித்த மணமும், ஒவ்வொரு அலமாரியின் நெற்றியிலும் காய்ந்து வெடித்த சந்தனப்பொட்டும்தான். விடுமுறை. கீழே வாட்ச்மேன் தங்கவேலைத் தவிர யாருமில்லை.

இந்தக் கம்ப்யூட்டரின் மையப் புரோகிராம் ரொம்பச் சின்னது. தானாக ஒரு வேலையும் செய்யாது. தகவலைக் கொண்டுபோய்க் கொடுக்கும், அவ்வளவுதான். டிஸ்குக்கு ஒரு புரோகிராம், பிரிண்டருக்கு ஒன்று, டேப்புக்கு ஒன்று. எல்லாம் தனித்தனி. மையம் ஒவ்வொன்றையும் தயாரா என்று கேட்கும். பதில் வந்தால்தான் அடுத்ததை எழுப்பும். டிஸ்க் புரோகிராம் ஜவஹர் எழுதியது. நேற்றுவரை பதில் சொன்னது. இன்று மையம் கேட்டபடியே நிற்கிறது.

"நாளைக்கு டெல்லிக்காரா பார்க்க வரா. மெஷின் ஓடித்துன்னா நீ பெர்மனென்ட், குவார்ட்டர்ஸ் உண்டு. ஓடலேன்னா நான் ஒண்ணும் பண்றதுக்கில்லே" என்று டைரக்டர் ஸ்ரீனிவாசராகவன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆற்றோரக் குடிசையில் இந்நேரம் அம்மா சொர்ணம் முழங்கால் தண்ணீரில் நிற்பாள்.

தங்கவேல் கதவைத் தள்ளிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இன்னும் குந்திக்கினு கீறியா? பூஜை போட்ட மிஷினை விடியறவரைக்கும் தொடக்கூடாதுப்பா."

"ஸ்டார்ட் ஆவமாட்டேங்குதுண்ணே."

"படுத்துக்கினு கீறதை எழுப்புனா பசியிலதான் எழும். மிஷினு வந்தன்னிக்கு, சேவல் அறுக்காம இதை மாடி ஏத்தமாட்டோம்னு வெள்ளைச்சாமி மேஸ்திரி நின்னான்ல? ரூம்ல ரத்தம் ஆவாதுன்னு டைரக்டர் அய்யிரு சொல்லிட்டாரு. காவு நான் குடுக்கறேன், இப்ப தூக்குன்னு சொன்னது யாரு? நீதானே? குடுத்தியா?"

"இது இன்னா ரைஸ் மில்லா? கம்ப்யூட்டர்ணே."

"ஏன், அதுக்கு இங்கிலீசு சேவல்தான் வோணுமா? இரும்புதானே நைனா." சிரித்தபடி டீ வாங்கப் போனார்.

கற்பூரக் கரிதான் காரணம். ஜவஹருக்கு அதில் சந்தேகமில்லை. டிஸ்க் அலமாரியின் மூடியைத் திறந்து, தகவல் பதியும் தட்டுகளுக்கு நடுவே நீளும் உலோகக் கைகளை ஸ்பிரிட்டால் துடைத்தான். ஒரு விளிம்பு விரலைக் கிழித்தது. ரத்தம் சொட்டாகத் தட்டில் விழுந்தது. பஞ்சை எடுத்துத் திரும்பினான்.

தட்டு காய்ந்திருந்தது. கறைகூட இல்லை.

நாடாவை மாட்டினான். மெயினைப் போட்டான். மெஷினின் பதில்களைக் காகிதத்தில் பதிக்கும் டெலிபிரிண்டர் அடித்தது: டிஸ்க் ரெடி.

சிரிப்பு வந்தது அவனுக்கு. பிறகு மையம் பிரிண்டரைக் கேட்டது. நின்றது. கேட்டபடியே நின்றது. பிரிண்டரில் ஒரு கோளாறும் இல்லை. வயரை மாற்றிப் பார்த்தான். நாடாவை மாற்றினான். கொத்தல் சத்தம் வேகமாகியது.

வெகுநேரம் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தட்டின் மேல் பிழிந்தான்.

பிரிண்டர் ரெடி.

மறுபடி. அழுத்தி.

டேப் ரெடி.

இனி ஒன்றே ஒன்று. கடைசியாக மொத்த அமைப்பும் எழ, டிஸ்க் இன்னொருமுறை சரி சொல்லவேண்டும். பிழிந்தான். விரல் வெளுத்தது. ஸ்குரூ டிரைவரால் உள்ளங்கையைக் கீறினான். தட்டு குடித்தது. பதில் இல்லை.

அவன் எழுதிய புரோகிராமுக்கு இரண்டே பதில்தான் தெரியும். ரெடி. நாட் ரெடி. வேறு வார்த்தை அதில் கிடையாது.

டெலிபிரிண்டர் அடித்தது. இங்கிலீஷ் எழுத்தில். தமிழ் வார்த்தை.

போதாது.

ஜவஹர் மெயினை அணைத்தான். மெஷின் விளக்குகள் அணைந்தன. காகிதம் நகர்ந்தது.

போதாது. போதாது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஈரத்தோடு தங்கவேல் உள்ளே வந்தார். "டீ கீது நைனா. இன்னா கையெல்லாம் ரத்தம்? காட்டு."

குவார்ட்டர்ஸ். அம்மா. தண்ணீர்.

"ஒண்ணுமில்லண்ணே." தன் குரல் அவ்வளவு நிதானமாக இருந்தது அவனுக்கே விளங்கவில்லை. "உள்ள ஒரு திருகு வுழுந்திடுச்சி. குனிஞ்சு பாரேன். என் இடுப்பு வளைய மாட்டேங்குது."

தங்கவேல் டம்ளரைக் கீழே வைத்தார். தலைப்பாகையை அவிழ்த்தார். நரைத்த பிடரி தெரிய அலமாரிக்குள் தலையை விட்டார்.

"ஒண்ணும் தெரியலியே நைனா."

கொத்தல் நின்றது. உலோகக் கைகள் பின்வாங்கி அசையாமல் காத்தன. ஜவஹர் ஸ்குரூ டிரைவரை மாற்றிப் பிடித்தான்.

அவன் வாயால் ஒத்துக்கொண்ட காவு. ஒரு முழு உயிர். இன்னும் பாக்கி.