பட்டுத்துணிக்குள் போர்ட் 3389

‘ணங்!’

தளவாய் ‘அம்மா’ என்றுகூடச் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து சரிந்து மொசைக் தரையில் மல்லாந்தார்.

பின்னால் செல்வகணேஷ் நின்றிருந்தான். கையில் தேங்காய். நன்றாக முற்றிய, கனமான, குடுமி வைத்த தேங்காய்!

கத்தி வாங்கினால் கடைக்காரன் முகத்தை ஞாபகம் வைத்திருப்பான். விஷம் வாங்கினால் ஆயிரம் கேள்வி கேட்பான். திருவனந்தபுரத்தில் தேங்காய் வாங்குகிறவனை எவன் திரும்பிப் பார்க்கப் போகிறான்?

தளவாய், சாலை பஜாரில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி. செல்வகணேஷுக்குத் தாய்மாமன். ஆறு மாதத்துக்கு முன் அவனைத் தென்காசியிலிருந்து கூட்டி வந்து, தனி ரூம் பிடித்துக் கொடுத்து, கடைக் கம்ப்யூட்டரை ஒப்படைத்தவர், மகள் அஜிதாவை மட்டும் ஒப்படைக்க மாட்டேன் என்றுவிட்டார். ஆற்றிங்கலில் ஒரு பாங்க் மாப்பிள்ளை ரெடி. முறை மாப்பிள்ளை இவன் குத்துக்கல்லாட்டம் இங்கே இருக்கும்போது!

மாமா போய்விட்டால் அஜிதா கிடைப்பாள். அகப்பட்டால் பூஜப்புரை ஜெயில்.

அகப்படுவானா? அதற்குத்தானே மூளை!

அடுத்த அறையில், அரிசி மூட்டை மேல் அவனுடைய லேப்டாப் திறந்திருந்தது. பக்கவாட்டில் டேட்டா கார்டு மினுக்கிக்கொண்டிருந்தது. கடைக் கம்ப்யூட்டருக்குள் அவன் ஏற்கெனவே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி வைத்திருந்தான். வர்ச்சுவல் மிஷின். கண்ணால் பார்க்கலாம், கையால் தொட முடியாது. பில் போடுவதெல்லாம் அதில்தான். லேப்டாப்பின் ஐயாயிரமாவது போர்ட்டில், அதாவது வாசலில், நுழைந்தால், இன்டர்நெட்டுக்கு அடியில் போட்ட சுரங்கம் வழியாகப் போய், அந்த மிஷினின் 3389-ம் போர்ட்டில் தலையை நீட்டலாம். கடையில் உட்கார்ந்து தட்டுகிற மாதிரியே இங்கிருந்து தட்டலாம். ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் உள்ளே இடம்; புதிதாக ஒருவர் நுழைந்தால், ஏற்கெனவே இருப்பவர் வெளியே.

ஒரு பில். ஒரு அடி. திரும்ப ஒரு பில்!

கொலை நடந்த நேரத்தில் செல்வகணேஷ் கடையில் வேலை பார்த்தான் என்று மிஷினே சாட்சி சொல்லும்...

ஒரே ஒரு விஷயம்தான் லேசாக உறுத்தியது. அடி விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், மாமா வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மவுசைத் தட்டித் தட்டித் திட்டிக்கொண்டிருந்தார். “என்னல இது... நம்மளையே வெளிய தள்ளுது?”

எது தள்ளியது என்று பார்க்க அவனுக்கு நேரமில்லை. அத்தையும் அஜிதாவும் கோயிலிலிருந்து திரும்புவதற்குள் வெளியேற வேண்டும்.

நேராகப் பழவங்காடிப் பிள்ளையார் கோயில். மனமுருகக் கும்பிட்டான். ஓங்கி ஒரே போடு. தேங்காய் சிதறி, மற்ற நூறு தேங்காயோடு கலந்துவிட்டது.

கொலை ஆயுதம் குளோஸ்!

பாவி, விபூதியும் பூசிக்கொண்டான்.

கையைத் துடைப்பதற்குள் செல்போன் கூப்பிட்டது.

“செல்வகணேஷ் அல்லே? இன்ஸ்பெக்டர் வேலாயுதன். ஆரியசாலையில மாமா வீட்டுல இருந்து பேசறேன். கொஞ்சம் வரணும்.”

அழுவதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு ஓடினான். வாசலைத் தாண்டியதும் நிஜமாகவே அழுகை வந்தது.

மாமா சோபாவில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்! உச்சந்தலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம், அதன் மேல் ஐஸ் வைத்துக் கட்டிய துண்டு. அவ்வளவுதான் சேதம்.

அடித்தது யாரென்று அவர் பார்க்கவில்லையாம். அதைக் கேட்டதும்தான் செல்வகணேஷுக்கு மூச்சு வந்தது.

இன்ஸ்பெக்டர் வேலாயுதன் அவசரப்படாத மனிதர். தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்காரர். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் கேட்டாயிற்று, சும்மா ஒரு சடங்குக்குத்தான் என்று சொல்லிவிட்டு, காலையில் அவன் எங்கே இருந்தான் என்று கேட்டார்.

“கடையில இருந்தேன் சார். சிஸ்டம் முன்னாலயே உக்காந்து பில் போட்டுக்கிட்டிருந்தேன். மிஷின்ல ரெக்கார்டு இருக்கும், பாத்துக்கிடுங்க.”

அத்தை கோமதியம்மாள் மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

“நம்ம கடையிலயா?”

“ஆமா அத்தை.”

அத்தை இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள்.

செல்வகணேஷ் லேப்டாப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஜீப்பில் எல்லோருமாகக் கடைக்குப் போனார்கள். வேண்டாம் என்று சொல்லியும் தளவாய் தலைக்கட்டோடு ஏறிக்கொண்டார். கோமதியம்மாள் கிரில்லைத் திறந்தாள்.

உள்ளே கம்ப்யூட்டரைக் காணோம்!

அது இருந்த இடத்தில் மாம்பழ மஞ்சளில் பட்டுத்துணி. மேலே ரோஜா மாலை. முன்னால் சரஸ்வதி படம், தராசு, படிக்கல், சந்தனம் அப்பிய கீபோர்டு.

தென்காசியில் ஆயுத பூஜை நவமியன்று. மத்தியானம் வரை வேலை பார்ப்பார்கள், சாயங்காலம்தான் பூஜை. இங்கே அப்படியில்லை. அஷ்டமி சாயங்காலமே பூஜை வைப்பு. விஜயதசமி காலையில் பூஜை எடுக்கிற வரைக்கும் பேனாவைக்கூடத் தொட மாட்டார்கள். தமிழ்க் கடையானாலும் ஊர் வழக்கம்தான். செல்வகணேஷுக்கு இந்த ஊரில் இதுதான் முதல் நவராத்திரி. நேற்றுச் சாயங்காலம் கடையில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் தேங்காய் வாங்கப் போயிருந்தான்!

“நேத்து வெளக்கு வச்சதும் நாந்தான் பூஜை வச்சுப் பூட்டினேன் சார். அணைக்கத் தெரியாம அப்படியே மூடினேன். சாவி எங்கிட்டத்தான். இவன் எங்கன உக்காந்து பில் போட்டான்?”

பட்டுக்குள்ளே மிஷினின் ஃபேன் மட்டும் உர்ரென்று ஓடியது.

இன்ஸ்பெக்டர் பட்டை விலக்கப் போனார். கோமதியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். மகள் கல்யாணத்துக்காக ஒன்பது நாளாக விரதம் இருக்கிறாளாம், போலீஸே ஆனாலும் பூஜை எடுக்காமல் தொட விடமாட்டாளாம்.

“அப்போ ரெக்கார்டு எப்படிப் பாக்கறது?”

இங்கேதான் செல்வகணேஷுக்குப் புத்தி பிசகியது. பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

“தொடவே வேண்டாம் சார். நான் வீட்டுல... என் ரூம்ல இருந்துதான் பில் போட்டேன். பதட்டத்துல கடைன்னு சொல்லிட்டேன். இந்தா, லேப்டாப்லயே காட்டுதேன்.”

பையிலிருந்து எடுத்துத் திறந்தான். சுரங்கம் போட்டான். கண் சிமிட்டுகிற நேரத்தில் கடை மிஷின் திரையில் வந்தது. வேலாயுதன் அசந்துபோனார்.

“அடிபொளி. இது உன் ரூம்ல இருந்துதான் பண்ண முடியுமா?”

“எங்க இருந்து வேணாலும் பண்ணலாம் சார்” என்றான் பெருமையாக.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

“மாமா வீட்டுல இருந்தும்?”

இன்ஸ்பெக்டர் குனிந்து, லேப்டாப் கீபோர்டின் இடுக்கிலிருந்து எதையோ நகத்தால் நோண்டி எடுத்தார். பழுப்பு நிறத்தில், நீளமாக, ஒரு தேங்காய் நார்! காலையில் தளவாயின் தலைமுடியில் சிக்கியிருந்ததும் இதே மாதிரி ஒன்றுதான்.

“பில் போட தேங்காய் எதுக்கு மோனே?”

செல்வகணேஷ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அஜிதாவும் போச்சு, வெளியுலகமும் போச்சு. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். மாமா முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

தளவாய் துள்ளினார். சோறு போட்டவன் தலையிலேயே தேங்காய் உடைத்த பயலைச் சும்மா விடக்கூடாது, சாகிற வரைக்கும் உள்ளே வைக்க வேண்டும் என்று கத்தினார்.

லேப்டாப்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அஜிதா, “அப்பா” என்றாள்.

“என்ன மக்களே?”

“அத்தான் உள்ள நுழைஞ்சது இதுல இருக்கு. அதே நேரத்துல வேற ஒரு ஆள் வெளிய போயிருக்கு. தளவாய்னு போட்டிருக்கே?”

கத்தல் பட்டென்று நின்றது.

கோமதியம்மாள் திரும்பினாள். மருமகனைப் பார்த்தபோது இல்லாத ஒன்று அந்தப் பார்வையில் இருந்தது.

“நீங்களும் இந்தச் சுரங்கத்துல போனியளா?”

“வத்தல் ஸ்டாக்கு... சும்மா ஒரு நோட்டம்தான் கோமதி. கையால தொடவே இல்லியே. பட்டு கலையலியே...”

“பூஜையில வச்சதுல வேலை பாத்திருக்கியளே. எம் பொண்ணுக்கு நான் இருக்க விரதத்துல.”

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் இன்ஸ்பெக்டரிடம் இதற்கு என்ன செக்‌ஷன் என்று கேட்டாள். கொலை முயற்சிக்கு உண்டு, பூஜையைக் கலைத்ததற்கு எங்கள் புஸ்தகத்தில் ஒன்றும் இல்லை என்றார் வேலாயுதன்.

“சாரமில்ல சார், போகட்டும். வீட்டுல நான் பாத்துக்கிடுதேன்” என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள் கோமதியம்மாள்.

செல்வகணேஷை ஜீப்பில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பும்போது பின்னாலிருந்து யாரோ ஓடி வருகிற சத்தம். தளவாய்! தலைக்கட்டு அவிழ, இரண்டு கையையும் சேர்த்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

“சார்... எம் மண்டையில தேங்காய அடிச்சது நாந்தான். தள்ளி உக்காரச் சொல்லுங்க அவன!”