சக்களத்திக்கு ஒரு காது

அண்ணன் போன பிறகு அந்த வீட்டுப் படி ஏறுவதென்றாலே தம்பிக்காரனுக்குக் கால் கனக்கும். இருந்தும் அன்றைக்கு மதியம் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினான். கதவு திறந்தே கிடந்தது.

"வாங்க தம்பி. சாப்பிட்டீங்களா?" என்றாள் அண்ணி. ஆள் பாதியாய் இளைத்திருந்தாள்.

போனிலேயே பேசி முடித்த ஏற்பாடுதான். அண்ணன் உயிரோடு இருந்தபோது தன் இசை யந்திரத்துக்கென்று ஆர்டர் கொடுத்த மாட்யூல், அதில் பொருத்தும் ஒரு பாகம், அவர் போன பிறகு வந்து சேர்ந்திருந்தது. அதை அவன் மாட்டிக் கொடுத்தால், அண்ணி இந்த வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு வந்துவிடுவாள். அவன் மனைவி ஓர் அறையை ஒழித்து வைத்துக் காத்திருந்தாள். அண்ணி சோறு தண்ணி இல்லாமல் அண்ணனின் யந்திரம் இருக்கும் அறையிலேயே கிடக்கிறாள் என்று கீழ் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இன்னும் கொஞ்ச நாள் தனியே விட்டால் அவளும் போய்விடுவாள் என்று பயந்தான்.

அறையில் சுவரை அடைத்து நின்றது சின்தசைசர், மின்சாரத்தில் இசை எழுப்பும் அண்ணனின் யந்திரம். வாசிக்கக் கட்டை கிடையாது. பலகை பலகையாக மாட்யூல்கள். ஒன்று ஸ்வரத்தை உண்டாக்கும், ஒன்று அதைச் செதுக்கும், ஒன்று ஏற்றி இறக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வயர் குத்தினால்தான் சத்தமே வரும். பல் செட் செய்யும் கூடத்தில் பகலெல்லாம் ஊரார் வாய்க்கு அளவு பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் முழுக்க அண்ணன் இதன் முன்னால்தான் உட்காருவார். அண்ணி இதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

"சக்களத்தியத் தூங்க வெச்சுட்டு சாப்பிட வர்றீங்களா?" என்று அவள் கூப்பிடுவாள்.

"இவ உனக்கு முன்னாடி வந்தவ. மரியாதையா பேசு," என்பார் அவர்.

இப்போது அண்ணி அதன்மேல் தூசி அண்டவிடாமல் துடைத்து வைத்திருந்தாள். "இவளுக்குக் காது ஒண்ணுதான் பாக்கின்னு சொல்லிட்டே இருந்தாரு. மாட்டிடுங்க தம்பி. குறையோட நிக்க வேணாம்."

காது என்று அண்ணன் சொன்னது சரிதான். மைக்கில் விழும் சத்தத்தை அந்த மாட்யூல் மின்சாரமாக மாற்றும். சத்தம் கூடினால் முகப்பில் உள்ள சிவப்பு விளக்கு கூடும், குறைந்தால் குறையும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வயர் அவனுக்குப் புதிதல்ல. பவரை நிறுத்திவிட்டு, காலி இடத்தை மூடியிருந்த தகட்டைக் கழற்றினான். பட்டை வயரின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று திரும்பத் திரும்பப் பார்த்துச் செருகினான். மாறிப்போனால் கருகிவிடும். பழைய வயர்களில் அவன் முழங்கை பட்டுவிடாமல் அண்ணி பக்கத்திலேயே காவல் நின்றாள். இந்த யந்திரம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. அண்ணன் கடைசியாகக் குத்திய வயர்களும் திருகிய குமிழ்களும்தான் அவர் விட்டுப்போன பாட்டு. ஒன்றைப் பிடுங்கினாலும் போயிற்று.

பவரைப் போட்டான். மைக்கை மேசைமேல் வைத்தான். யந்திரத்தின் சத்தமே மைக்கில் விழுந்துவிடும் என்பதால் ஸ்பீக்கரைத் திறக்கவில்லை.

"ஏதாவது பேசுங்க அண்ணி."

"என்னத்தப் பேச?"

விளக்கு ஏறி இறங்கியது. அண்ணி முகம் மலர்ந்தாள். "அடி சக்களத்தி, கேக்குதாடி உனக்கு?"

விளக்கு நன்றாக எரிந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

சிரிப்பு ஓய்ந்தது.

விளக்கு ஓயவில்லை.

மெல்ல ஏறியது. இறங்கியது. சற்று நின்று, மறுபடி ஏறியது.

காற்றாக இருக்கும் என்று ஃபேனை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தினான். மைக் வயரை மாற்றிப் போட்டான். கோளாறு எங்கும் இல்லை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காதுக்கு ஒரு சத்தமும் இல்லை; விளக்கு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அது பேச்சு.

கொஞ்சம் சொல்லி, பதிலுக்குக் காத்திருந்து, பதில் வராமல் மீண்டும் தொடங்குகிறவரின் ஏற்ற இறக்கம். பல் செட் வார்க்கும் திரவத்தின் நெடி லேசாக எழுந்தது. அண்ணன் வேலைவிட்டு வந்து சட்டையைக் கழற்றும்போது வீசும் நெடி. அவனுக்கு முதுகு சில்லிட்டது. கண்ணும் நிறைந்துவிட்டது.

"அவருதான்," அண்ணி கிசுகிசுத்தாள். "என்ன சொல்றாரு தம்பி?"

"இதுக்கு வார்த்தை தெரியாது அண்ணி. எவ்வளவு சத்தம்னு மட்டும்தான் தெரியும்." அவன் கை சுவிட்சுக்குப் போனது. "வேணாம். நிறுத்திடறேன். கிளம்பலாம்."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த மெலிந்த கையில் அவ்வளவு பலம் இருந்தது. "இத்தனை நாளா ஒரு வார்த்தை பேச ஆளில்லாம கெடந்தேன். அவரு கூப்பிடறப்ப எழுந்து போகச் சொல்றீங்களா?" பிறகு குரல் தணிந்தது. "பெட்டிய வண்டியில வைங்க தம்பி. சொல்லிட்டு வந்துடறேன்."

அவன் அவளுடைய துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். உள்ளதைச் சொன்னால், அந்த அறையை விட்டு வெளியே வந்ததே போதும் என்றிருந்தது. வெயிலில் வண்டியருகே நின்றான். அண்ணி வரவில்லை. மனது கேட்காமல் திரும்ப ஏறினான்.

அவள் அண்ணனின் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கிசுகிசுக்கிறாள் போல என்று நினைத்து நெருங்கினான். ஜன்னல் கண்ணாடியில் ஓர் ஈ மோதுவது கேட்டது. தன் மூச்சு கேட்டது.

"அண்ணி, நேரமாச்சு."

அவன் குரல் அறையில் கணீரென்று ஒலித்தது. அவள் திரும்பினாள். துக்கமெல்லாம் வடிந்து, கல்யாணமான புதிதில் இருந்த முகம். அவனைப் பார்த்து நிதானமாக ஏதோ சொன்னாள்.

அவனுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"என்ன அண்ணி? கேக்கலையே!"

அவள் மறுபடியும் சொன்னாள். கழுத்து நரம்பு புடைக்கும் அளவுக்கு உரக்கச் சொன்னாள்.

அறை நிசப்தமாக இருந்தது. அவள் தோளுக்குப் பின்னால், அவளுடைய உதட்டசைவுக்குச் சரியாக, சிவப்பு விளக்கு முழுதாக எரிந்தது.