முப்பத்திரண்டாவது தோட்டா

லாசர் கடைக்குள் வந்தார், ஆனால் உட்காரவில்லை. நாற்காலியைக் காட்டியும் பயனில்லை. கண்ணாடிப் பெட்டிக்கும் வாசலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். ஐங்கரன் வயிறு திறந்த போன் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இந்த நடையைப் பார்த்த பராக்கில் அதன் சின்னத் திருகாணி ஒன்றையும் தொலைத்துவிட்டான்.

"இருங்கோ ஐயா. எனக்குத் தலை சுத்துது."

"என் தலை நல்லா இருக்கா இல்லையான்னு கேட்டுப் போகத்தான் வந்தேன்," என்றார் லாசர்.

அவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருபத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்திரண்டு. அவர் கேட்டது ஐங்கரனை அல்ல, கடையின் பின்மூலையில் இருந்த கோசலையை. பிரான்சின் பொபினி நகர நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற கோசலை, ஐங்கரனின் போன் திருத்தும் கடையில் ஒரு மேசை போட்டுச் சனங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வந்தார். அதோடு, சிக்கலில் மாட்டியவர்களின் சிக்கலையும் அவிழ்த்து வந்தார். அதில் தானும் பாதிப் பங்காளி என்று ஐங்கரன் நாற்பத்தி நாலு வயதிலும் நம்பிக்கொண்டிருந்தான்.

"முதலிலையிருந்து சொல்லுங்கோ," என்றார் கோசலை. "ஒண்டையும் விடாதேங்கோ."

லாசர் நடந்துகொண்டே சொன்னார். அவர் துப்பாக்கி சுடும் கழகமொன்றில் உறுப்பினர். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கோதுகளில் புது வெடிமருந்து நிரப்பித் தன் தோட்டாக்களைத் தானே செய்துகொள்வார். போன சனிக்கிழமை கழகத்தில் அவருடைய கைத்துப்பாக்கி வெடித்துச் சிதறியது. அப்போது அதைப் பிடித்திருந்தவர் அவருடைய நண்பர், பலசரக்குக் கடை தவரத்தினம். வலக்கையில் ஒன்பது தையல்.

"ஒரு கோதுல ரெண்டு தடவை மருந்து விழுந்திருக்குன்னு கழகத் தலைவர் ழான்-லூக் சொல்றார். கிழவன் ஒண்ணு போட்டதை மறந்துட்டு இன்னொண்ணும் போட்டுட்டானாம். இன்னைக்கு மூணு மணிக்கு வீட்டுக்கு வர்றார். துப்பாக்கி லிசான்ஸைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போடணும். என் பொண்ணு ஜிஸ்லேன் மறதி டாக்டரைப் பார்க்க நாள் குறிச்சு ராந்தெவு வாங்கிட்டா." நடை சட்டென்று நின்றது. "லிசான்ஸ் போனாப் போவுது மதாம். நான் உண்மையில அப்படிப் பண்ணினேனா? யோசிச்சு யோசிச்சு அஞ்சு நாளாத் தூக்கமில்லை."

மேலே மெட்ரோ ஓடியது. கண்ணாடிப் பெட்டி அதிர்ந்தது. ஐங்கரனுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"என்ன மருந்து?" என்று கேட்டார் கோசலை.

"மருந்துல நிறைய வகை. முன்னே ஒண்ணு வெச்சிருந்தேன். நைசா, கனமா இருக்கும், சுருக்கா எரியும். கோதுக்கு அடியில துளி போட்டாப் போதும், ரொம்ப சிக்கனம். ஆனா ரெண்டு தடவை விழுந்தாலும் கோதுக்குள்ள அடங்கிடும், கண்ணுக்குத் தெரியாது. வயசாவுதே, எதுக்கு வம்புன்னு மார்கழியில மாத்திட்டேன். இப்போ போடறது அகலமான செதில், லேசு, மெதுவா எரியும். ஒரு தடவை போட்டாலே கோதுல பாதிக்கு மேல வந்துடும்."

"பழைய டப்பா எங்கை?"

லாசரின் முகம் சுருங்கிவிட்டது. "அதுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அலமாரியில வெச்சதா ஞாபகம். இப்போ காணோம். நானே தூக்கிப் போட்டேனோ என்னவோ, நினைப்பே இல்லை. அதைச் சொன்னதும்தான் ஜிஸ்லேன் டாக்டருக்கு போன் போட்டா."

மற்ற விவரங்களைக் கோசலை ஒவ்வொன்றாகக் கறந்தார். புனல் மாதிரி ஒரு குடுவையில் மருந்தை நிரப்பிக் கைப்பிடியை இழுத்தால் ஒரே அளவு மருந்து கீழே விழும். பத்துக்கு ஒன்றைத் தராசில் நிறுப்பார். பத்தாவது, இருபதாவது, முப்பதாவது, எல்லாம் சரி. முப்பது முடிந்ததும் குடுவை காலியானது. அந்த நேரம் மகள் போனில் கூப்பிட்டாள். இந்த வேலை நடக்கும் கீழறையில் போன் எடுக்காதென்று மேலே போனார். திரும்பி வந்தபோது உதவிக்கு வந்திருந்த தவரத்தினம் குடுவையை நிரப்பி வைத்திருந்தார். மீதி இருபதையும் முடித்தார். நாற்பதாவதும் நிறை சரி. செய்த வரிசைப்படியே, வரிசைக்குப் பத்தாகப் பெட்டியில் அடுக்குவார், அதே வரிசையில்தான் சுடுவார்.

"வெடிச்சது எத்தினையாவது?"

"முதல் மூணு வரிசை நான் சுட்டேன். நாலாவது வரிசையைத் தவரத்தினத்துக்குக் கொடுத்தேன். முதல் தோட்டாவே வெடிச்சிடுச்சு."

"மிச்சத் தோட்டா?"

"ழான்-லூக் கிட்ட இருக்கு. கடைசி வரிசையில அஞ்சைப் பிரிச்சுப் பார்த்தாராம். அஞ்சும் சரி. அதனாலதான் ஒண்ணுல மட்டும் தப்புன்னு அடிச்சுச் சொல்றார்."

லாசர் போனதும் ஐங்கரன் துள்ளி எழுந்தான். "அக்கா, இது சதி! ஐயா மேலை போன நேரம் கீழறையிலை இருந்தது ஒரே ஒரு ஆள்."

"தன்ரை கையைத் தானே சிதறடிக்கவோ சதி செய்தவர்?" என்றபடி கோசலை குடையை எடுத்தார். ஐங்கரன் வாயை மூடிக்கொண்டு, கடையையும் மூடிவிட்டு, பின்னால் ஓடினான்.

தவரத்தினத்தின் கடையில் காலைச் சரக்கு இறங்கியிருந்தது. அவர் வலக்கையில் பெரிய கட்டு. வாயும் ஓயவில்லை, இடக்கையும் ஓயவில்லை. மிளகாய்த்தூள் தொட்டியின் அடியில் கிடந்த மிச்சத்தை ஒரு கிண்ணத்தில் வழித்து எடுத்தார். புது மூட்டையைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். பிறகு கிண்ணத்தில் இருந்ததை அதன் மேல் பரப்பினார். பேச்சு நடுவே நிற்கவே இல்லை.

"பாவம் அக்கா, மனுசனுக்கு மறதி வந்திட்டுது. எனக்குக் கோவமில்லை. ஆனா இனி அவரைத் துவக்குத் தொட விடக்கூடாது. வாற போற எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுறன்."

"அண்டைக்கு நீங்கள் புதுசா ஏதும் செய்தனீங்களோ?"

"ஒண்டும் இல்லை. குடுவையை நிரப்பினன், மேசையைத் துடைச்சன், குப்பையை மஞ்சள் தொட்டியிலை போட்டன். எல்லாம் வழக்கம்போலைதான்."

கோசலை நன்றி சொல்லிவிட்டு அரைக் கிலோ அவலும் அரைக் கிலோ சீனியும் வாங்கினார். விசாரிக்க வந்த இடத்தில் சாமான் வாங்குகிறாரே என்று ஐங்கரனுக்குப் பொறுக்கவில்லை. மணி இரண்டரை. அவன் போனைப் பத்து தடவை எடுத்துப் பார்த்தான்.

மூன்று மணிக்கு லாசரின் கீழறையில் ஆறு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். ழான்-லூக் முத்திரை வைத்த பெட்டியோடும் கையெழுத்துப் படிவத்தோடும் வந்திருந்தார். ஜிஸ்லேன் கைப்பையை இறுகப் பிடித்தபடி, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். கோசலையின் சொல்படி ஐங்கரன் தவரத்தினத்தையும் கூட்டி வந்திருந்தான்.

கோசலை மேசையில் ஒரு சின்ன டம்ளரை வைத்தார். பிரெஞ்சிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினார்.

"இது கோது எண்டு வைப்பம்." டம்ளரில் ஒரு கரண்டி அவல் போட்டார். பாதிக்கு மேல் ஏறியது. இன்னொரு கரண்டி போட்டார். அவல் பொங்கி மேசையெல்லாம் சிந்தியது. "லாசர் ஐயா இப்ப பாவிக்கிற மருந்து இந்த அவல் மாதிரி. ரெண்டு தரம் விழுந்தா வெளியிலை கொட்டியே தீரும், குண்டை வைச்சு மூடவும் ஏலாது. ரெண்டு தரம் விழ வழியே இல்லை."

ழான்-லூக் குனிந்து அவலைப் பார்த்தார். இதைத் தான் யோசித்திருக்க வேண்டும் என்று மெல்லச் சொன்னார். பிறகு, அப்படியென்றால் வெடித்தது எதனால் என்று கேட்டார்.

கோசலை அதே கரண்டியால் ஒரு கரண்டி அவலை லாசரின் தராசில் போட்டார். அதை வழித்துவிட்டு ஒரு கரண்டி சீனி போட்டார். முள் எகிறியது. "கரண்டி ஒண்டுதான், நிறை எத்தினை மடங்கு! இந்தக் குடுவை நிறையைப் பார்க்காது, இடத்தை மட்டும்தான் பார்க்கும். அவலுக்கு வைச்ச அளவிலை சீனி விழுந்தா? அதுவும் சுருக்கா எரியிற சீனி?"

"பழைய மருந்து..." என்று லாசர் முணுமுணுத்தார்.

"ஓம். காணாமற்போன டப்பாவிலை இருந்த மிச்சம். அது புது டப்பாவிலை மேலாக் கொட்டுப்பட்டிருக்கு. டப்பாவைக் கவிழ்க்க, மேலை கிடந்தது முதல் விழும், குடுவையின்ரை அடிக்குப் போகும், முதல் கோதுக்கும் போகும். முப்பத்தோராவதிலை பழசு. நாற்பதாவதுக்குள்ளை அது முடிஞ்சுபோச்சு. அதாலைதான் தராசும் பிடிக்கேல்லை, கடைசி வரிசையும் சுத்தம். மிசியூ ழான்-லூக், முப்பத்திரண்டாவதைப் பிரியுங்கோ."

ழான்-லூக் முத்திரையை உடைத்தார். நாலாவது வரிசையின் இரண்டாவது தோட்டாவை எடுத்து, குண்டைக் கழற்றும் சுத்தியலில் பொருத்தித் தட்டினார். ஒரு தட்டு, இரண்டு தட்டு. குண்டு கழன்றது. வெள்ளைத் தாளில் கோதைக் கவிழ்த்தார்.

தாளில் விழுந்ததில் செதில்கள் கொஞ்சம்தான். பெரும்பாலும் நைசான, கனத்த மணிகள்.

"யார் கொட்டினது?" என்று பிரெஞ்சில் கேட்டாள் ஜிஸ்லேன். கோசலை மேசையில் சிந்திய அவலைக் கூட்டி அள்ளினார். அவர் யாரையும் பார்க்கவில்லை.

தவரத்தினம் தன் இடக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்," என்றார். "அலமாரியிலை இருந்த பழைய டப்பாவிலை ரெண்டு கரண்டி கிடந்தது. பழசு முதல் முடியட்டும் எண்டு புதுசுக்கு மேலை கொட்டிப்போட்டு, வெறும் டப்பாவை எறிஞ்சன். முப்பது வருசமாக் கடையிலை செய்யிறதுதான். செய்தனான் எண்டே எனக்கு நினைவிலை நிக்கேல்லை... ஐயோ, இவருக்கு மறதி எண்டு தெரு முழுக்கச் சொல்லித் திரிஞ்சனே!"

ழான்-லூக் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஜிஸ்லேன் அழுதுகொண்டே கைப்பையில் போனைத் தேடினாள். ராந்தெவுவை இப்போதே ரத்து செய்கிறேன் என்றாள்.

லாசர் ஐந்து நாளில் முதல் தடவையாக உட்கார்ந்தார். கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டிதான் நாற்காலி.

"ரத்து பண்ணாதேம்மா. போவோம். மறதி வருமோன்னு பயந்துதானே மருந்தையே மாத்தினேன்? அந்த டாக்டரையும் பார்த்துடுவோம். காலையில வரைக்கும் பயமா இருந்துச்சு. இப்போ இல்லை."

பிறகு தவரத்தினத்தின் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மேசையில ஒரு டப்பாதான் இருக்கணும்னு உனக்குச் சொன்னேன். ஏன்னு சொல்லலை. தப்பு என்னோடதும்தான். உக்காரு, இப்போ சொல்றேன்."