காலியாக வைக்கக் கூடாத பானை

கணினி மறுபடியும் பூஜ்ஜியம் என்று காட்டியது. டேவிட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

கள்ளக்குறிச்சியில் அவன் படிக்கும் பள்ளியில் அன்று மதியம் கண்காட்சி. எட்டாம் வகுப்பு மேசையில் அவன் எழுதிய நிரல் ஓட வேண்டும். சாப்பாட்டு மணிக்குள் ஓடவில்லை என்றால் மேசை வேறு வகுப்புக்குப் போய்விடும் என்று ஷீபா டீச்சர் சொல்லியிருந்தார். பையன் வாரம் முழுக்க அடித்துக்கொண்ட பெருமை கொஞ்சநஞ்சமில்லை. 'உருவாக்கியவர்: டேவிட்' என்று அட்டைகூடத் தயார்!

ஐந்து பேரை எத்தனை விதமாக வரிசையில் நிறுத்தலாம்? ஒன்று முதல் ஐந்து வரை எல்லா எண்களையும் பெருக்கினால் விடை வரும். அதற்குப் பெயர் ஃபாக்டோரியல். டேவிட் அதை ஒரே வரியில் எழுதியிருந்தான். அந்த வரிக்குள் லாம்டா என்ற குட்டி வேலையாள் இருந்தது. லாம்டா என்பது அந்த வகைக்குப் பொதுப்பெயர்; தனக்கென்று ஒரு பெயர்கூட இல்லாத வேலையாள். கையிருப்பை, அதாவது அதுவரை வந்த விடையை, அடுத்த எண்ணோடு பெருக்கு என்றால் மளமளவென்று பெருக்கும். அப்படிப்பட்டது இன்று ஏன் மக்கர் பண்ணுகிறது?

பக்கத்தில் சங்கவி உட்கார்ந்திருந்தாள். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். அந்த ஒற்றை வரியை வெகுநேரம் ரசித்துப் பார்த்தாள்.

"சோக்கா எழுதியிருக்கற. மொதல்ல கையிருப்பு இன்னா வெச்ச?"

பூஜ்ஜியம்தான் என்றான் டேவிட். போன வாரம் எழுதிய கூட்டல் நிரலில் அப்படித்தான் இருந்தது. அதையே எடுத்து, கூட்டல் குறியைப் பெருக்கல் குறியாக மாற்றியிருந்தான்.

சங்கவிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"எங்க வூட்ல சாமைப் பானைய எப்பவும் வழிச்சுத் துடைக்க மாட்டாங்க. ஒரு புடி வுட்டுட்டுத்தான் எடுப்பாங்க. நீ சுத்தமாத் துடைச்சு வெச்சிட்டு லாம்டாவ வேலை வாங்கற. பூஜ்ஜியத்த எதால பெருக்கினாலும் பூஜ்ஜியந்தான? ஒண்ணு போட்டு வெய்யி."

டேவிட் தலையில் அடித்துக்கொண்டான். பூஜ்ஜியத்தை அழித்து ஒன்று போட்டான். திரையில் பளிச்சென்று 120 வந்தது. இவள் மூளையே மூளை என்று அவனுக்குத் தோன்றியது.

மதியம் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். பத்தாம் வகுப்பு ஆகாஷ், எத்தனை பேர் என்று கேட்கும் இடத்தில் வம்புக்கென்றே பூஜ்ஜியத்தைத் தட்டினான். ஒன்று என்று வந்தது. யாருமே இல்லாத இடத்தில் ஒன்று எப்படி வரும், நிரல் தப்பு என்று சிரித்தான். டேவிட்டுக்கு வேர்த்துவிட்டது.

"பெருக்கறதுக்கு எண்ணே வரலண்ணா," என்றாள் சங்கவி நிதானமாக. "அதனால வெச்ச ஒண்ணு அப்படியே இருக்குது."

ஷீபா டீச்சர் அசந்துபோனார். பூஜ்ஜியத்தின் ஃபாக்டோரியல் ஒன்றுதான், கணக்குப் புத்தகமும் அதையே சொல்கிறது என்று அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். ஆகாஷ் இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, தம்பியும் தங்கச்சியும் கில்லாடிகள்தான் என்று ஒப்புக்கொண்டான்.

கூட்டம் கலைந்ததும் டேவிட் பேனாவை எடுத்து, அட்டையில் தன் பெயருக்கு மேலே எழுத ஆரம்பித்தான். சங்கவி வெட்கப்பட்டுத் தடுத்தாள்.

"என் பேரு இன்னாத்துக்கு? அவ்ளோ வேலை செய்யற லாம்டாவுக்கே பேரு இல்ல."

"அதுக்கு வேணாம். உனக்கு வேணும்," என்று சொல்லி, சங்கவி என்று கொட்டை எழுத்தில் எழுதி முடித்தான் டேவிட்.