நமத்துப்போன பிஸ்கட்

எறும்புகளை முதலில் பார்த்தவர் அப்பாதான்.

"இங்க வந்து பாருங்க! ஜன்னல் வழியா ஏறி, அலமாரியைச் சுத்தி, நேரா கட்டிலுக்குப் போகுது. தனியா ரூட்டே போட்டிருக்கு!"

அப்பா பஸ் ஓட்டுநர். எதைப் பார்த்தாலும் அவர் கண்ணுக்கு ரூட்தான் தெரியும்.

"எறும்பு மருந்து வாங்கிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாயாடி எட்டிப் பார்த்தாள். ஓயாமல் பேசுகிறவள் என்பதால் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். எறும்புகள் சாரை சாரையாகப் போய்ச் சேர்ந்த இடம், அவள் தம்பி பொடியனின் தலையணை.

பொடியன் இந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. குழந்தைகள் இல்லத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் அவனைத் தத்தெடுத்திருந்தார்கள். ஆறு வயது. எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவான்.

வாயாடி தலையணையைத் தூக்கினாள். உடைந்த பிஸ்கட், பாதி பன், கறுத்துப்போன வாழைப்பழம்! மெத்தைக்கு அடியில் காய்ந்த ரொட்டி வேறு.

"அய்யய்யோ, இது கட்டிலா, மளிகைக் கடையா?"

சிரித்துக்கொண்டே திரும்பினாள். கதவோரம் பொடியன் நின்றிருந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. தன் துணிகளை எடுத்துப் பையில் திணிக்க ஆரம்பித்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"திருடிட்டேன்ல? திருப்பி அனுப்பிடுவாங்க."

வாயாடி பையை இழுத்துப் பிடித்தாள்.

"நம்ம வீட்டு பிஸ்கட்டை நீ எடுத்தா அது திருட்டா? அப்போ நான் பெரிய கொள்ளைக்காரிடா. நம்ம சர்க்கரை டப்பாவைக் கேட்டுப் பாரு!"

பொடியன் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒண்ணும் இல்லாமப் போயிட்டா?" என்று மெல்லக் கேட்டான்.

'நாளைக்கும் இருக்கும்' என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். வாயால் சொன்னால் நம்புவானா? கண்ணால் பார்க்க வேண்டாமா?

தையல் மெஷினில் இருந்த அம்மாவிடம் ஓடினாள். நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினாள்.

அம்மாவின் கால் மெஷினை மிதிக்காமல் நின்றது. "படுக்கையில தின்பண்டம் வைக்கக்கூடாதுன்னு இன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"சொன்னா இன்னும் நல்லா ஒளிச்சு வைப்பாம்மா. பயம் போகாது. எனக்கு ஒரு பெரிய டப்பா குடு. மூடி இறுக்கமா இருக்கணும்."

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு நூல் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். நூல்கண்டுகள் அறை முழுக்க உருண்டு ஓடின. "இந்தா, பிடி!"

அதற்குள் அப்பா திரும்பி வந்தார். "மருந்து வாங்கிட்டேன்!"

"மருந்து வேண்டாம்பா. பிஸ்கட் வாங்கிட்டு வாங்க!"

அப்பா ஒன்றும் புரியாமல் வாசலிலேயே திரும்பி நடந்தார்.

டப்பா பொடியனின் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "இது உன்னோடது. எப்ப வேணும்னாலும் திறக்கலாம். யாரையும் கேக்க வேண்டாம். குறைஞ்சா நான் ரொப்பி வைப்பேன்" என்றாள் வாயாடி.

"எத்தனை தடவை?"

"எத்தனை தடவை வேணும்னாலும்."

பொடியன் பையிலிருந்து துணிகளை மெதுவாக வெளியே எடுத்தான்.

அதன் பிறகு வீட்டில் 'டக்', 'டக்' என்று ஒரே மூடிச் சத்தம். எழுந்ததும் திறந்து பார்ப்பான். பள்ளிக்கூடம் போகும்முன் பார்ப்பான். வீட்டுப்பாடத்தின் நடுவில்கூட ஒரு 'டக்'. குறையும்போதெல்லாம் வாயாடி மறக்காமல் நிரப்பினாள். ஒருமுறை காய்ச்சலோடு எழுந்து வந்து நிரப்பியதற்கு அம்மாவிடம் திட்டும் வாங்கினாள்.

மழைக்காலம் வந்தது. தெருவில் பந்தாட்டம் சூடு பிடித்திருந்த ஒரு மாலை, வாயாடி டப்பாவைத் திறந்தாள். போன வாரம் நிரப்பிய பிஸ்கட் குறையாமல் அப்படியே இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"அம்மா! அப்பா! நமத்துப் போச்சு! எல்லாமே நமத்துப் போச்சு!"

"அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிற?" என்றார் அப்பா.

"அவன் திறக்கவே இல்லப்பா! டப்பாவையே மறந்துட்டான்!"

அம்மா தைத்த துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

படியில் தடதடவென்று சத்தம். முழங்கால் வரை சேற்றோடு பொடியன் உள்ளே வந்தான்.

"அம்மா, பசிக்குது!" தெருக்கோடி வரை கேட்டிருக்கும் அந்தக் குரல்.

வாயாடி ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். கடித்தவன் முகத்தைச் சுளித்தான்.

"ஐயே, நமத்துப் போச்சு! எனக்கு வேண்டாம். சூடா ஏதாவது பண்ணிக் குடும்மா!"

பொடியன் அடம்பிடிக்கிறான்! அப்பா அவனைச் சேற்றோடு அப்படியே தூக்கிக்கொண்டார். அம்மா அடுப்படிக்கு ஓடினாள்.

நமத்த பிஸ்கட் முழுவதையும் வாயாடி ஒருத்தியே தின்று தீர்த்தாள். அவ்வளவு ருசியான பிஸ்கட்டை அவள் அதுவரை தின்றதே இல்லை.