நீலநாவி இலை

"என் கதையே என்னைக் கொல்ல வருது, சார்," என்றார் தேவப்பிரியம்.

ராயபுரத்து மாடியறையில், சுங்க இலாகாவில் துப்புத் துலக்கி ஓய்வுபெற்ற கலீலுல்லா, வந்தவர் மேசைமேல் பரப்பிய மூன்று அட்டை இலைகளைப் பார்த்தார். மேற்புறம் நீல மை, அடிப்புறம் வெறும் வெள்ளை. ஒவ்வொன்றிலும் இடது ஓரத்தில் ஒரு பிளவு.

தேவப்பிரியம் துறைமுகத்தில் குமாஸ்தா; தனிக்கட்டை. வாரப் பத்திரிகை ஒன்றில் செவ்வாய்க் கிரகத்துத் தொடர்கதை எழுதிவந்தார். அதில் பகைவரின் ஆயுதம் நீலநாவி என்னும் செடி. அதன் இலையை முகர்ந்தவன் மூன்றாம் நாள் பிணம்.

"வெள்ளிக்கிழமை தவறாம கதவிடுக்குல கெடக்கு. நேத்து முகர்ந்துட்டேன். தலை வலிக்குது. பயந்து, செடியைக் கொளுத்திக் கதையையே முடிச்சிட்டேன்." சட்டைப்பையிலிருந்த கடைசி அத்தியாயத்தைத் தொட்டுக் காட்டினார்.

"எவனோ பேஜாரு புடிச்ச வாசகன், பாய்! போலீசாண்ட போலாம் வா," என்று துள்ளினான் பக்கத்து அறை லாரி டிரைவர் சுப்புராஜ்.

"வாசகருங்க கடிதாசி போடுவாங்களா?" என்றார் கலீலுல்லா.

"ரெண்டு வருஷத்துல ஒண்ணுகூட வரல."

கலீலுல்லா இலையை முகர்ந்தார். "விஷம் இல்ல. மண்ணெண்ணெய்." பத்திரிகையிலிருந்த இலைப் படத்தை அருகில் வைத்தார். அதில் பிளவு வலப்பக்கம் இருந்தது. "வாங்க, பத்திரிகை அச்சாபீசுக்குப் போவோம்."

அச்சகத்தில் அச்சுக்கோப்பவன் துரை தனியாக எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தான். விரல் நகங்களில் நீல மை. மூவரையும் கண்டதும் கை நின்றது.

கலீலுல்லா அந்தப் படத்தை அச்சடிக்கும் உலோக பிளாக்கை எடுத்து இலையின் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் பிளவு இடப்பக்கமே.

"பிளாக்குல எல்லாம் இடம் வலம் மாறித்தான் இருக்கும். நீங்க அதப் பாத்து வெட்டினீங்க. நாள்பூரா கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பின எழுத்தையே பாக்குறவருக்கு அதுதான் நேரா தெரியும். மண்ணெண்ணெய், அச்செழுத்துல மை போகக் கழுவின கையோட வாசம்."

"யோவ், இன்னாத்துக்குய்யா இந்த வேல?" என்றான் சுப்புராஜ்.

துரை தலைகுனிந்தான். "வூட்ல யாரும் இல்ல சார். வாராவாரம் அந்தக் கதைய மொதல்ல படிக்கிறது நான்தான். படிச்சிகினு கீறேன்னு சொல்லணும்போல இருந்திச்சி. வாசல் வரைக்கும் வந்துடுவேன். கூப்ட தெகிரியம் வராது. போலீசு வாணாம் சார், வேல பூடும். இனிமே வெக்க மாட்டேன்."

தேவப்பிரியம் சட்டைப்பையிலிருந்த தாள்களை எடுத்து, இரண்டாகக் கிழித்தார்.

"வைங்க," என்றார். "ஆனா வச்சிட்டுக் கதவத் தட்டுங்க."