ஜெஸ்டன் தூங்க வைத்த கம்ப்யூட்டர்

"மவுஸ்ல இருந்து கைய எடுங்க."

எப்சி வாசலிலேயே நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆம்பூர் ஷூ ஃபேக்டரியின் பேட்டர்ன் செக்‌ஷனின் மூலையில், இரண்டு மாதமாக யாரும் உட்காராத நாற்காலியில், முன்பின் தெரியாத ஒருவன் உட்கார்ந்திருந்தான்... அவளுடைய அண்ணன் ஜெஸ்டனின் நாற்காலியில்.

"இன்னாங்க?" என்று அவன் திரும்பினான்.

திரையில் ஒரு சின்னக் கட்டம். அதில் இரண்டு பொத்தான்கள். தூங்கிக்கொண்டிருப்பதை அப்படியே வைக்கவா, தூக்கி எறியவா என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்தது. அவனுடைய அம்புக்குறி இரண்டாவதன் மேல் நின்றது. எப்சி யோசிக்கவில்லை. குனிந்தாள்... சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

"இப்டியா புடுங்குவாங்க? டிஸ்க்கு போயிருந்தா?"

"போனா போவட்டும். நீங்க அழிக்கறதுக்கு அது பரவால்ல."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் கண்களைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நீளமான இமைகள் அவனுக்கு. ஆம்பிளைக்கு எதற்கு இவ்வளவு அழகான கண்... என்று எப்சிக்குத் தோன்றியது. தோன்றியதற்காக அடுத்த நொடியே அவளுக்குத் தன் மேல் எரிச்சல் வந்தது.

அவன் பெயர் நத்தானியேல். வேலூர் லாங் பஜார் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. எல்லா மெஷினையும் புதுசாக்கிக் கொடு என்று ஃபேக்டரி மேனேஜர் முனீர் அகமது சொல்லி அனுப்பியிருந்தார். சொன்ன வேலையைச் செய்தான், பாவம்.

ஷூவுக்குத் தோல் வெட்ட அளவு வரைகிற சாஃப்ட்வேர் மிகப் பழசு. விண்டோஸ் 98-ல் மட்டும்தான் ஓடும். அதனால் ஜெஸ்டன் ஒரு வழி செய்திருந்தான். புது கம்ப்யூட்டருக்குள் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டு, அதற்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரையே ஓட விட்டிருந்தான். ஆம்பூரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? யுபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் அந்த உள் கம்ப்யூட்டரை யாரும் ஷட் டவுன் செய்ய மாட்டார்கள். தூங்க வைத்துவிட்டு எழுந்து போவார்கள். கரண்ட் வந்ததும் எழுப்பினால் விட்ட இடத்தில், சேமிக்காத கோடு உட்பட, அப்படியே நிற்கும். செக்‌ஷன் முழுக்க இந்தப் பழக்கம், அங்கேயே வரைகிற எப்சிக்கும்தான். பழக்கிவிட்டவனே ஜெஸ்டன்தான்.

அந்த ஆகஸ்ட் மத்தியானமும் கரண்ட் போனது. தூங்க வைத்தான். டீ குடிக்க ஹைவேயைக் கடந்தான். லாரி வந்தது... அவ்வளவுதான்.

அவன் பாதியில் விட்டது கம்பெனி ஷூ அல்ல, அப்பாவின் செருப்பு. ரத்தினசாமி வாத்தியாருக்குச் சர்க்கரை. இடது காலில் மூன்று விரல்களை எடுத்தாகிவிட்டது. வலது கால் வீங்கி வேறொரு அளவில் கிடந்தது. கடைச் செருப்பு எதுவும் பொருந்தவில்லை. ஜெஸ்டன் அப்பாவின் பாதங்களை அளவெடுத்து, சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்துகொண்டிருந்தான்.

அடக்கம் முடிந்த பிறகு அவர் வேறு எதையும் காலில் போடவில்லை. "என் புள்ள வரைஞ்சத தெச்சுக் குடு. போட்டுக்கறேன். இல்லன்னா வேணாம்." வெறுங்காலோடுதான் வீட்டில் நடந்தார், கோயிலுக்கும் போனார். இடது உள்ளங்காலில் புதிதாக ஒரு புண். இப்படியே நடந்தால் பாதத்தோடு எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் எப்சியிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

நாளைக்குத் திறக்கலாம், நாளைக்குத் திறக்கலாம் என்று இரண்டு மாதத்தை ஓட்டியவள் அவள்தான். அண்ணனுடைய நாற்காலியில் உட்காரத் தைரியம் வரவில்லை. இன்றைக்குத்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்தாள். இன்றைக்கே இவனும் வந்து, உள் கம்ப்யூட்டரை ஓட்டுகிற சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டிருந்தான்; அதில் தூங்கினது எழவில்லை.

"பழசும் ஆறு புள்ளி பூஜ்யம், புதுசும் ஆறு புள்ளி பூஜ்யம்தானே? அப்புறம் ஏன் எழல?" என்று கேட்டாள் எப்சி.

"வெர்ஷன் ஒண்ணுதாங்க... பில்டு வேற." அவன் மேஜையில் கிடந்த, தோலைப் போர்த்தி ஷூ தைக்கிற மரத்தாலான கால் அச்சைக் கையில் எடுத்தான். "ஏழாம் நம்பர் அச்சு. இத கொஞ்சம் சீவிட்டு, மேல அதே ஏழுன்னு எழுதுனா, ஏற்கனவே தெச்ச தோலு இதுல உக்காருமா?"

"உக்காராது."

"அதேதான். பேர மாத்தாம உள்ள திருத்தித் திருத்தி விடுவாங்க. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பில்டு நம்பர். ஷட் டவுன் பண்ணத எந்த பில்டும் ஸ்டார்ட் பண்ணிடும். தூங்க வெச்சது அப்டி இல்ல. எந்த பில்டுல தூங்குச்சோ அதுலதான் எழும்."

"அப்போ பழசையே போடுங்க."

"அது எந்த பில்டுன்னு, மெஷின் தானா குறிச்சு வெக்கற லாக்ல பாத்துட்டேன். ஆனா அத போடறதுக்கு டிஸ்க்கு இல்ல. நெட்லயும் புதுசுதான் கெடைக்குது."

"எங்கண்ணன லாரி ஒரு வாட்டி கொன்னுச்சு. நீங்க இன்னொரு வாட்டி கொன்னுட்டீங்க."

அவன் முகம் வெளுத்துவிட்டது. பிளக்கைச் செருகி, அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு சின்ன ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இத நீங்க வெச்சுக்கோங்க. நான் முட்டி மோதறது எல்லாம் இங்க இருக்கற காப்பிலதான். உங்க அண்ணன் விட்டுட்டுப் போனத தொட மாட்டேன்."

அன்றிலிருந்து மழையானாலும் வெயிலானாலும் வேலூரிலிருந்து பைக்கில் வந்தான். ஒவ்வொரு முறையும் எங்கோ தேடிப் பிடித்த ஒரு டிஸ்க். எல்லாவற்றின் மேலும் மார்க்கர் பேனாவில் ஆறு புள்ளி பூஜ்யம் என்றே எழுதியிருக்கும். பில்டு நம்பரை எழுதிவைக்கிற நல்ல பழக்கம் இந்த ஊரில் ஒருவருக்கும் இல்லை. போடுவான், எழுப்புவான், எழாது... கழற்றுவான்.

"இதுவும் இல்லையா?"

"இல்லைங்க. நீங்க மொறைக்கறத பாத்தே பயந்துகினு எழ மாட்டேங்குது."

எப்சி சிரித்துவிட்டாள்... அண்ணன் போன பிறகு முதல் சிரிப்பு. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே மழை, தோல் மண்டி வாடையைக் கரைத்துக்கொண்டு பெய்தது. இந்தப் பைக்கின் சத்தத்துக்காகத் தான் காலையிலிருந்து காத்திருந்தது அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. பயமாக இருந்தது.

அன்று வீட்டில் அப்பாவின் காலில் போட்ட கட்டைப் பிரித்தபோது வாடை வேறாக இருந்தது. இங்கே கால் அழுகுகிறது, அங்கே நான் சிரிக்கிறேன்... நான் என்ன பெண்?

மறுநாள் அவன் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டாள். "இனிமே வராதீங்க. பாவம் பாத்து யாரும் எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம்."

"பாவம் பாத்து வரலைங்க."

"அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பைக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தம் வரவே இல்லை. வீம்புக்கு ஒரு பெயர் உண்டென்றால் அது எப்சிதான். போன் நம்பர் கையில் இருந்தும் அடிக்கவில்லை. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாற்றுத்துணி எடுக்கவும் லீவு சொல்லவும் அவள் ஆம்பூருக்கு வந்த அன்று, ஃபேக்டரி வாசலில் தொப்பலாக நனைந்து நின்றிருந்தான் நத்தானியேல். சட்டைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு டிஸ்க்.

"பேரணாம்பட்டுல வாஹித் பாஷான்னு ஒருத்தரு சின்னதா ஷூ யூனிட் வெச்சிருக்காரு. ஒவ்வொரு கம்பெனியா ஏறி எறங்கி, இவரு மெஷின தொறந்து பாத்தா அதே பில்டு... போட்டுக் குடுத்தது யாருன்னு கேட்டேன். உங்க அண்ணனாம்."

டிஸ்க்கின் மேல் ஜெஸ்டனின் கோணல் கையெழுத்து. எப்சி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

இந்த முறை எழுந்தது.

மூலையில் இருந்த கடிகாரம் அந்த ஆகஸ்ட் மத்தியானத்தையே காட்டியது. இடது காலின் அளவு முழுதாக இருந்தது. விரல் இல்லாத இடத்தில் மெத்தை வைக்கக்கூட இடம் விட்டிருந்தான். வலது காலின் கோடு குதிகால் பக்கம் வந்து, பாதியில் நின்றிருந்தது. எப்சி குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவன் தொடவில்லை, தேற்றவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றான்.

பிறகு அவள் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் சேமித்தாள். அப்புறம் மீதிக் கோட்டைத் தானே இழுத்து முடித்தாள்.

"இப்போ தூங்க வெக்காதீங்க," என்றான் அவன் மெதுவாக. "ஷட் டவுன் பண்ணிடுங்க."

அதை மூடினால் அந்த மத்தியானமும் முடிந்துவிடும். அவளுக்குத் தெரியும். ஆனாலும் அழுத்தினாள்.

அன்று சாயங்காலமே டாக்டர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். விஷம் ஏறிவிட்டது, காத்திருக்க முடியாது என்றார். செருப்பைத் தைத்து முடிப்பதற்குள் இடது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்... அந்த நினைப்பு இனி சாகும்வரை அவளோடு இருக்கும்.

ஜெஸ்டன் முழுதாக வரைந்த செருப்புக்குக் கால் இல்லை. எப்சி முடித்த வலது செருப்பை மட்டும் அப்பாவின் காலில் மாட்டினாள். அவர் நெடுநேரம் அதையே பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது, எப்சி." பிறகு கேட்டார். "வெளிய தெனமும் வந்து நிக்கறானே, யாரந்தப் புள்ள? ஏன் மழையில நிக்க வெச்சிருக்க?"

எப்சி வார்டுக்கு வெளியே வந்தாள். கூரையோரம் ஒழுகுகிற தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவன் நின்றிருந்தான். அந்த நீள இமைகளில் மழைத்துளி... கண்ணில் தூக்கம் இல்லாத சிவப்பு.

"அன்னிக்கு எதுக்கு வர்றீங்கன்னு கேட்டேன். நீங்க சொல்ல வந்தத சொல்ல வுடல."

"இப்போ சொல்றதுக்கு எனக்கு வெக்கமா இருக்குதுங்க. உங்க அப்பா கால காப்பாத்த முடியல. அன்னிக்கு நான் அந்த மெஷின தொடாம இருந்திருந்தா..."

"அதுக்கு முன்னாடியே நான் தொறந்திருக்கணும். அந்தப் பழி என்னுது. நீங்க எடுத்துக்காதீங்க." எப்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அழுகை இன்னும் நிக்கல. எப்போ நிக்கும்னும் தெரியல. ஆனா உங்க பைக் சத்தம் கேக்காத நாள்ல சாப்பாடு எறங்க மாட்டேங்குது... உங்கள எனக்குப் புடிச்சிருக்குது."

அவன் கண் கலங்கிவிட்டது. "எனக்கு அந்த பிளக்க புடுங்கின அன்னிக்கே புடிச்சிருச்சு."

"உள்ள வாங்க," என்றாள் எப்சி. "அப்பா கூப்புட்றாரு."